கம்பியில்லாக் குழாயில் வந்த பழஞ்சத்தம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் கதை நடுவில் விழுந்து காற்றோடு போய்விடும். கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், கொட்டாவி விடுகிறவர்கள் விட்டுக்கொள்ளலாம், ஆனால் முன்னால் யார் உட்காருவது பின்னால் யார் உட்காருவது என்று மட்டும் சண்டை போடக் கூடாது, ஏனென்றால் அந்த ஒரு சண்டையால் ஒரு ஊரே செவிடாய்ப் போன கதை இது.

மேற்கே நிற்கிற மலை மழையை எல்லாம் தானே குடித்துவிட்டு வெறுங்காற்றை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிவிடுகிற இடத்தில், உடைமரமும் கள்ளியும் வெள்ளாடும் தவிர வேறொன்றும் தழைக்காத செம்மண் காட்டில், ஆந்தைப்பொட்டல் என்று ஓர் ஊர். அந்த ஊருக்குக் கிழக்கே அரசாங்கம் பெரிய பெரிய இரும்புக் கொப்பரைகளை வரிசை வரிசையாய் வானத்தைப் பார்க்க நிமிர்த்தி வைத்தது. கல்யாண வீட்டில் சோறு வடிக்கிற கொப்பரை மாதிரிதான், ஆனால் ஒன்றுக்குள் ஒரு கல்யாண வீட்டையே வைத்துவிடலாம். வானத்திலிருந்து வருகிற ரேடியோ அலையைப் பிடிக்கிற கொப்பரை அது. இன்றைக்கு நேற்றுக் கிளம்பின அலை இல்லை, சூரியனும் பூமியும் பிறக்கிறதுக்கு எவ்வளவோ முன்னால் கிளம்பி, இப்போதுதான் வழி விசாரித்துக்கொண்டு வந்து சேருகிற அலை. வந்து சேரும்போது அது ஈயின் மூச்சைவிட மெலிந்து போயிருப்பதால், சுற்றுவட்டாரத்தில் செல்போன் கூடாது, வெல்டிங் கூடாது, மோட்டார் சைக்கிள் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே மைக் செட் கூடவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தை ஊருக்கு அறிவித்து, 'அமைதி வட்டாரம்' என்று கல் திறந்துவைக்க வந்த மந்திரி, ஊரில் உள்ள அத்தனை ஒலிபெருக்கிக் குழாயையும் அத்தனை மரத்திலும் கட்டச் சொல்லி, பொழுது சாய்கிற வரைக்கும் அமைதியைப் பற்றி மைக்கில் கத்திவிட்டுப் போனார்.

குழாய் கட்டினவள் முப்பிடாதி. அவள் புருஷன் கொம்பையா மைக் செட் போடுகிறவன். அவன் செத்துப் போன பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவளே மரம் ஏறினாள், அவளே கம்பி இழுத்தாள், அவளே "அலோ, அலோ" சொன்னாள். மந்திரி கூட்டத்தோடு அந்தப் பிழைப்பு முடிந்தது. கம்பியையும் பெட்டியையும் அரசாங்க ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள், வாய் அகன்ற குழாய்களை மட்டும் "இது வெறும் தகரம்" என்று விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு குழாயில் வைக்கோல் திணித்து முப்பிடாதி கோழியை அடைவைத்தாள். மற்றதெல்லாம் வேலி ஓட்டையை அடைத்தது.

பிழைப்புப் போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை, ஆட்டைப் பத்திக்கொண்டு போனாலும் வயிறு கழுவலாம். அவளை அரித்தது வேறு. மகள் செண்பகவடிவுக்குக் கல்யாணம் நடக்கவில்லை.

மாப்பிள்ளை இல்லாமல் இல்லை. கீழத்தெரு மாசானமுத்துவுக்குப் பேசி முடித்து, வெற்றிலை மாற்றி, கூறைச்சேலை எடுத்து, அந்தச் சேலை பெட்டிக்குள்ளேயே மடிப்பு மடிப்பாய் இற்றுப் போயிருந்தது. மாசானமுத்து கொப்பரைக் காட்டுக்கு வாசல் காவல். மீசைக்கு மை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவான். ஊரில் அவன் மட்டும் இல்லை, பேசி முடித்து நிற்கிற பையன்கள் எல்லாரும் மை போட்டார்கள், பெண்கள் எல்லாரும் வெள்ளை முடியைப் பிடுங்கிப் பிடுங்கி வகிடு அகன்று போனார்கள். காரணம், பொட்டலம்மன் காலடியில் வைத்து எடுக்காத தாலியை அந்த ஊரில் யாரும் கட்ட மாட்டார்கள், பொட்டலம்மன் கோயிலோ பூட்டிக் கிடந்தது.

பூட்டின கதை இதுதான். ஆதியில் மச்சானும் மச்சினனுமாய் இரண்டு பேர் உழுதுகொண்டிருந்தபோது மண்ணுக்குள்ளிருந்து அம்மன் சிலையாய் வந்தாளாம். ஒருவன் கண்டான், ஒருவன் தூக்கினான். கண்டவன் வம்சம் மேலத்தெரு, தூக்கினவன் வம்சம் கீழத்தெரு. அம்மன் கொடைத் திருவிழாவில் பூசாரி முதல் பரிவட்டத்தை யார் தலையில் கட்டுவது? "காணாமல் எப்படித் தூக்குவான்?" என்பார் மேலத்தெரு சங்கிலிபூதத்தார். "தூக்காட்டா அது வெறுங்கல்லுதானவே?" என்பார் கீழத்தெரு ஒய்யக்கொண்டான். ஒரு கொடையில் பரிவட்டத்துக்குப் பதிலாக இரண்டு பேர் தலையிலும் கட்டுப் போட வேண்டியதாயிற்று. தாசில்தார் வந்தார், கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார், இரண்டு தெருவும் சமாதானம் ஆகிற அன்றைக்குத்தான் திறப்பேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் எத்தனையோ தாசில்தார் மாறினார்கள், சாவி மட்டும் அப்படியே இருந்தது.

"எம்மா, எனக்குக் கல்யாணத்துக்கு முந்தி அறுபதாங்கல்யாணம் வந்துரும் போலிருக்கே" என்பாள் செண்பகவடிவு. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்தச் சிரிப்புதான் முப்பிடாதிக்குச் சோற்றில் கல்லாய்க் கிடந்தது.

இப்படி இருக்கையில் ஒரு காலை, கோழிக்குக் கம்பு போடப் போன முப்பிடாதியைப் பார்த்துக் குழாய் பேசியது.

"இந்த அமைதி இருக்கிறதே, இந்த அமைதி..." என்றது. மந்திரி குரல்.

முப்பிடாதி குழாயைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள். கம்பி இல்லை. கோழியைத் தூக்கிக் கீழே பார்த்தாள். முட்டை இருந்தது. சரி என்று கோழியை மறுபடியும் உள்ளே வைத்துவிட்டுக் கம்பைத் தூவினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்ன மைனி சத்தம்?"

"குழாய் பேசுது."

"யாரு பேசுதா?"

"மந்திரி."

"அந்தாளுக்கு வேற சோலி இல்ல" என்று அவள் தண்ணீருக்குப் போய்விட்டாள்.

மறுநாள் குழாயில் வந்தது மந்திரிக்கு முந்தின சத்தம், கோயில் பூட்டின கொடையின் சத்தம். "அடிலே அவன!" என்று இரண்டு தெருவும் கத்தினது அப்படியே வந்தது. அடுத்த நாள் அதற்கும் முந்தினது. அதற்கடுத்த நாள் "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்" என்று கொம்பையா வந்தான். முப்பிடாதி அன்றைக்கு ஆடு பத்தப் போகவில்லை. "செத்தும் மைக்க விடுதானா பாரு" என்று வைதுகொண்டே குழாய் வாயில் முந்தானையைப் போட்டுத் துடைத்துத் துடைத்து, அவன் குரல் தீருகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவனுக்கும் முந்தின காலம் வந்துவிட்டது.

கொப்பரைக் காட்டிலிருந்து தியோடர் சார் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். கொப்பரைக்கெல்லாம் அவர்தான் பெரியவர், மெல்லப் பேசிப் பேசித் தொண்டையே மெலிந்து போன மனுஷன். குழாயைச் சுற்றி வந்தார், குனிந்தார், முட்டி போட்டார், கோழியிடம் ஒரு கொத்து வாங்கினார், திரும்பிப் போய் மேலிடத்துக்கு எழுதினார். 'கம்பி இல்லை, மின்சாரம் இல்லை, பெட்டி இல்லை, கோழி மட்டும் இருக்கிறது' என்று எழுதினார். மேலிடம் கூடிப் பேசி, கமிட்டி போட்டு, 'கோழியை அப்புறப்படுத்தவும்' என்று பதில் போட்டது. கோழியை எடுத்த பிறகும் குழாய் பேசியது. 'அப்படியானால் கோழியைத் திரும்ப வைக்கவும்' என்று அடுத்த பதில் வந்தது.

"உங்க கொப்பரைல என்னதான் சார் தேடுதிய?" என்று முப்பிடாதி மோர் கொடுத்துக் கேட்டாள்.

"தூரத்திலேர்ந்து வர்றது எல்லாம் பழசும்மா. எவ்வளவு தூரமோ அவ்வளவு பழசு. நட்சத்திரமே இல்லாத இருட்டுக் காலம் ஒண்ணு இருந்துச்சு. அதுல முதல் விளக்கு எப்ப ஏறுச்சுன்னு தேடுறோம்."

"அப்ப உங்களுக்கும் முதல் யாருங்கிற சண்டதானா?"

தியோடர் சார் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். "இப்ப கொப்பரையில ஒண்ணுமே வரலைம்மா" என்றார். "எல்லாம் இங்கதான் இறங்குது போல."

ஊர் அதைப் பழகிக்கொண்டது. மழை பெய்தால் பழகுகிறது, பெய்யாவிட்டாலும் பழகுகிறது, இது மட்டும் பழகாதா? காலையில் ஆட்டுக்குக் குழை போட்டுவிட்டு முப்பிடாதி வீட்டுக்கு வந்து குழாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தேர்தல் காலங்கள் வந்தன. "உங்கள் ஊருக்குப் பாலம் கட்டித் தருவோம்" என்று ஒரு குரல் வந்தது, மறுநாள் இன்னொரு குரல் "உங்கள் ஊருக்குப் பாலம் கட்டித் தருவோம்" என்றது, அதற்கு மறுநாள் அதற்கும் முந்தின குரல் அதையே சொன்னது, காலம் பின்னால்தான் போகிறதா இல்லை நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று அந்த வாரம் முழுக்க யாருக்கும் விளங்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஊரில் ஆறே கிடையாது. கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்து குழாய் வாயில் சாக்கைத் திணித்துவிட்டுப் போனார்கள், சாக்கும் சேர்ந்து பாலம் கட்டித் தருவதாகச் சொன்னது.

மைக் செட் வராத காலம் வந்தபோது வீட்டுப் பேச்சுகள் வந்தன. பல் போன வெள்ளத்தாய் தன் மாமியார் தன்னை வைத வசவு வருகிற நாளுக்காகச் சேலை மாற்றி வந்து உட்கார்ந்திருந்து, அது வந்ததும், அன்றைக்குச் சொல்ல விட்டுப்போன பதில்களை எல்லாம் ஒன்று விடாமல் குழாய்க்குள் சொல்லிவிட்டு, வயிறு குளிர்ந்து வீட்டுக்குப் போனாள். இன்னாருக்குச் சத்தியம் பண்ணிவிட்டு இன்னாளைக் கட்டினவன் பேரன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலைகள் கூடிக்கொண்டே போனதால் கொஞ்ச நாளில் அதுவும் மரியாதைக் குறைவாய் இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் டீக்கடையில் சங்கிலிபூதத்தார் கிளாஸைப் பாதியில் வைத்தார். "ஏ, இது இப்படியே முந்தி முந்திப் போகுதே. அப்பம் அம்மன் கிடைச்ச அன்னைக்கும் போய்ச் சேரும்லா?"

மறு பெஞ்சில் இருந்த ஒய்யக்கொண்டானுக்குக் கையில் இருந்த வடை அப்படியே நின்றது. கண்டவன் குரலும் வரும், தூக்கினவன் குரலும் வரும், யார் முதல் என்று அவர்கள் வாயாலேயே வரும்.

அன்றிலிருந்து ஆந்தைப்பொட்டல் மாதிரி அமைதியான ஊர் உலகத்தில் இல்லை. அரசாங்கம் சட்டம் போட்டு அடக்க முடியாத ஊர் தானாக அடங்கியது. ஆட்டுக் கழுத்து மணியில் பஞ்சு வைத்தார்கள். உரலில் இடிப்பதை விட்டுவிட்டு ஊறவைத்துத் தின்றார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் கை ஜாடையிலேயே நடந்தது, அதில் பழையதைவிட அடி கூடுதல். கீழத்தெருக்காரர்கள் நல்ல கட்டைக் குரல்காரன் ஒருத்தனைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, ஆதிகாலத்துக் குரலில் "மச்சான், நாந்தாம்யா தூக்குதேன்" என்று சொல்லப் பழக்கினார்கள். சமயம் பார்த்து அவன் வாயைத் திறந்தபோது கோழி மூக்கில் கொத்திவிட்டது, வந்த வார்த்தை ஆதிகாலத்தது என்றாலும் சபையில் சொல்லக்கூடியது இல்லை.

கடைசியில் அந்த நாள் வந்தது. முந்தின நாளே ஏரும் மாடும் நெருங்கிவிட்டதால் ஊர் முழுக்கக் குழாயைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டின கோயில் வாசலில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தது. குழாயைப் பிடித்துக்கொள்ள முப்பிடாதியை விட்டால் யார்? காளையின் கழுத்து மணி கேட்டது. கலப்பை முனகியது. ஒரு மனுஷன் இருமினான். 'டங்' என்று கல்லில் கலப்பைக் கொழு இடித்தது. மூச்சு விடாமல் ஊர் முன்னால் சாய்ந்தது.

அந்த நேரம் பார்த்துச் சங்கிலிபூதத்தார் நாற்காலியைக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சாண் இழுத்துப் போட்டார்.

"எங்க வே முன்னால போறீரு?" என்றார் ஒய்யக்கொண்டான்.

"கண்டவன் வம்சம்லா முதல்ல கேக்கணும்?"

"ஏன், தூக்கினவன் வம்சத்துக் காதுல பஞ்சா அடைச்சிருக்கு?"

"ஓய் மச்சான், பின்னால போரும்."

"நீரு பின்னால போரும், உம்ம தாத்தனே எங்க தாத்தனுக்குப் பின்னால மாடு பத்துனவன்தான்."

"எவம்லே மாடு பத்துனவன்?"

அப்புறம் நாற்காலி பறந்தது. அத்தனை நாள் அடக்கி வைத்த சத்தம் முழுவதும் அன்றைக்கு ஒரே தவணையில் வெளியே வந்தது. "அமைதி! அமைதி!" என்று கத்தினவன் சத்தம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாய் இருந்தது. எல்லாம் ஓய்ந்து, வேட்டியைத் தேடிக் கட்டிக்கொண்டு, காதைக் கொண்டுவந்து வைத்தபோது குழாயில் நரி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஊரே உண்டாகாத காலம். திருப்பிப் போட அதில் திருகுகிற குமிழ் இல்லை.

அத்தனை பேரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். குழாயை மடியில் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கும் ஒரு மண்ணும் கேட்கவில்லை. சங்கிலிபூதத்தார் வாய் அவள் காதுக்கு மேலேதான் இருந்தது. ஆனால் கூட்டத்துக்குப் பின்னால் தனியாய் நின்றுகொண்டிருந்த செண்பகவடிவைப் பார்த்தாள், மகள் நெற்றியோரத்து நரை வெயிலில் மின்னியது. முப்பிடாதி வாயை இறுக்கிக்கொண்டு, எல்லாம் கேட்டவள் மாதிரி, ஒரு பெருமூச்சு மட்டும் விட்டாள்.

அது போதும். மறுநாள் விடிந்ததும் சங்கிலிபூதத்தார் முன்வாசல் வழியாகப் பலாப்பழத்தோடு வந்தார். "ஏ முப்பிடாதி, நீ வாக்கப்பட்டு வந்த தெருவ மறந்துராதம்மா." அவர் போனதும் ஒய்யக்கொண்டான் பின்வாசல் வழியாகக் கருப்பட்டிச் சிப்பத்தோடு வந்தார். "ஏட்டி, நீ பொறந்த தெருவ மறந்துராத."

இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "அம்மன் சம்பந்தப்பட்ட சொல்லு. அத வேலியோரத்துல வச்சுச் சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். நடை தொறக்கட்டும், அவ முகத்துக்கு முன்னால நின்னு சொல்லுதேன்."

எத்தனையோ தாசில்தாரால் முடியாதது அந்த ஒரு பேச்சில் முடிந்தது. தன் பக்கம்தான் சொல்லப் போகிறாள் என்று இரண்டு பேருமே நம்பினதால், இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய், எங்களுக்குள் ஒரு பிணக்கும் இல்லை, நாங்கள் மாமன் மச்சான், பால் மாதிரி ஒட்டிக் கிடக்கிறோம் என்றார்கள். தாசில்தார் சாவியைத் தேடி எடுத்து எண்ணெய் போட்டார்.

நடை திறக்கிறதுக்குள் குழாய் வெகுதூரம் போய்விட்டது. நரிக்கு முந்தி, இலையே இல்லாத தரையில் மழை விழுந்தது. மழைக்கு முந்திப் பொட்டலில் கடல் அடித்தது. கடலுக்கு முந்திப் பாறை கொதித்தது. அதற்கும் முந்தி, தாளிக்க எண்ணெய் காய்ந்து இன்னும் கடுகு விழாத சட்டி மாதிரி ஒரே சீராய் ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. நடை திறந்ததும் தியோடர் சார் குழாயைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே போய்க் கோயில் மூலையில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை.

சன்னிதியில் விளக்கு ஏறியது. வவ்வால் கலைந்தது. பூசாரி அம்மன் முகத்தைத் துடைத்தார். ஊர் முழுக்க உள்ளே அடைத்துக்கொண்டு நின்றது.

"சொல்லும்மா" என்றார் சங்கிலிபூதத்தார்.

"சொல்லுட்டி" என்றார் ஒய்யக்கொண்டான்.

முப்பிடாதி அம்மனைக் கும்பிட்டாள், திருநீறு பூசிக்கொண்டாள், இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லுதேன். ஆனா இது ஊருக்குக் கத்திச் சொல்லுத சொல்லு இல்ல. காதோடு காதாத்தான் சொல்லணும். யாரு காதுல முதல்ல சொல்ல, மாமா காதுலயா, பெரியப்பா காதுலயா? நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

"இதுல என்ன பேச இருக்கு, என் காதுலதான்" என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

"சன்னிதியில சண்டை வேண்டாம், வெளியே போய்ப் பேசுங்க" என்றார் பூசாரி. அவர் மகனுக்கும் பேசி முடித்துத் தலை வழுக்கையாகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் வெளியே போனார்கள், அவர்களுக்குப் பின்னால் இரண்டு தெருப் பெரிய மனுஷர்களும் போனார்கள், சாட்சிக்குத் தாசில்தாரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். "கண்டவன் காது!" "தூக்கினவன் காது!" என்று ஆலமரத்தடியில் ஆரம்பித்தது.

உள்ளே முப்பிடாதி மடியை அவிழ்த்துத் தாலியை எடுத்து அம்மன் காலடியில் வைத்தாள். மாசானமுத்து மீசை மை வியர்வையில் வழிய வழிய வந்து நின்றான். செண்பகவடிவு இற்றுப்போன கூறைச்சேலையை ஊசி குத்திக் கட்டியிருந்தாள். "கொட்டு இல்லையே அத்த" என்றான் மாசானமுத்து.

"வெளிய கேக்குது பாரு, அதவிட என்ன கொட்டு வேணும்? கட்டுலே."

கட்டினான். கட்டி முடிக்கவில்லை, பின்னால் இன்னொருத்தி மடியிலிருந்து தாலி வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஊர்த் தாய்மார் எல்லாரும் அன்றைக்கு மடியில் முடிச்சோடுதான் வந்திருந்தார்கள். பூசாரி மகன் கட்டினான், நரைத்தவன் கட்டினான், பல்லுக் கட்டினவன் தாலியும் கட்டினான். அந்த நேரத்தில்தான் மூலையிலிருந்து தியோடர் சார், "இறங்குச்சு, ஒரு இழை இறங்குச்சு!" என்றார். இரைச்சல் ஒரு நூலளவு தாழ்ந்ததாம், அதுதான் இருட்டில் முதல் விளக்கு ஏறின இடமாம். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நல்லா இருங்க சார்" என்று பக்கத்தில் இருந்த கிழவி அவருக்கும் ஒரு மாலையைப் போட்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. கோயில் பின்புறம் அத்தனை கல்யாணத்துக்கும் சேர்த்து ஒரே சோறாய்ப் பொங்கி இறக்கினார்கள். தொண்டை கட்டி, வயிறு காய்ந்து, காது யாருடையது என்று முடிவாகாமலேயே, சாம்பார் வாசம் வந்ததும் சங்கிலிபூதத்தாரும் ஒய்யக்கொண்டானும் ஆளுக்கொரு பக்கமாய் ஓட்டமும் நடையுமாய் வந்தார்கள், முதல் இலையில் உட்கார. வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இலையை முப்பிடாதி வரிசையாய்ப் போடவில்லை, ஆலமரத்தைப் போல அகலமாய் ஒரு வட்டமாய்ப் போட்டிருந்தாள். தலைமாடு எது கால்மாடு எது என்று பெரியவர்கள் இருவரும் அந்த வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள், மறு சுற்றும் சுற்றினார்கள். முப்பிடாதி சோற்றுப் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வட்டத்துக்கு நடுவில் போய் நின்று, கண்ணை இறுக்க மூடி, நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றி, நின்ற பக்கத்து இலையில் முதல் கரண்டியைப் போட்டாள்.